விறாந்தைக்குக் கண்ணாடி போட்ட கதை

எங்கள் வீட்டின் முன்பக்கம் தெருவைப் பார்க்கும், பின்பக்கம் வாவியைப் பார்க்கும். ஆரையம்பதியில் யாரும் அதை வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வோம். ஓடாத தண்ணீருக்கு எதற்கு ஆறு என்று பெயர் என்று கனடாவில் பிறந்து வளர்ந்த என் மருமகள் ஒருமுறை கேட்டாள். உனக்கு எதற்கு அந்த ஆராய்ச்சி என்று கேட்க வாய் துடித்தது. மகனின் முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

அவர் போன பிறகு நான் வீட்டுக்குள் இருந்ததே குறைவு. அவர் என்றால் என் கணவர். கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், இரண்டு பேரும் ஒரே கிளையில் வேலை பார்த்து, ஒன்றாக ஓய்வு பெற்று, இனி ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருப்போம் என்று பின்விறாந்தையில் இரண்டு கதிரை வாங்கிப் போட்டோம். அந்தக் கதிரை பழசாவதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். உள்ளே எந்த அறைக்குப் போனாலும் அவருடைய சாமான் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டு நெஞ்சு அடைக்கும். விறாந்தையில் அப்படி இல்லை. அங்கே காற்று இருந்தது, தோணிகள் போய்வந்தன, வலை இழுப்பவர்களின் சத்தம் கேட்டது. காலைத் தேத்தண்ணி முதல் இரவுச் சாப்பாடு வரை எனக்கு எல்லாம் அங்கேதான்.

மச்சாளும் பின்வளவால் அங்கேதான் வருவாள். அவள் எனக்குச் சொந்தம் இல்லை. பக்கத்து வளவில் இருப்பவள், என் வயதுக்காரி, அவளும் கணவனை இழந்தவள். மச்சாள் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நாலு மணி வெயில் சரியும்போது வேலிக் கடப்பால் நுழைந்து, "மச்சாள், இரிக்கியா?" என்று கேட்டுக்கொண்டே வந்து படியில் குந்துவாள். கதிரையில் இருக்கச் சொன்னால் இருக்கமாட்டாள். காரணம் வெற்றிலை. வாய் நிறையப் போட்டுக்கொண்டு வருவாள். படியில் இருந்தால்தான் தலையை ஒரு பக்கம் சரித்து மணலில் துப்ப வசதி. அவளுடைய கதை ஒரு வாய் வெற்றிலை நீளத்துக்குப் போகும். பிறகு இன்னொரு வாய் போடுவாள். அப்படியே இருட்டிவிடும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் கிளினிக்குக்கோ கடைக்கோ போன நேரத்தில் வந்தால், ஒரு வெற்றிலையை மடித்துப் படியின் ஓரத்தில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவாள். வந்தேன், நீ இல்லை என்று அர்த்தம். திரும்பி வந்து அந்த இலையைக் காணும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. நம்மைத் தேடி ஒரு ஆள் வந்திருக்கிறது என்பது சின்ன விஷயமா?

ஆனால் அந்த விறாந்தையில் வருஷம் முழுக்க இருக்க முடியாது. கச்சான் காற்று பிடித்தால் மணலை வாரி முகத்தில் அடிக்கும், தேத்தண்ணியில் மண் மிதக்கும். மாரி தொடங்கினால் சாரல் சுவர் வரை வந்து கதிரையை நனைக்கும். இரண்டு காலத்திலும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய சாமான்களோடு இருக்க வேண்டும். போன மாரியில் அப்படிக் கிடந்து அழுததைக் கனடாவில் இருக்கும் மகனிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவன் உடனே, "அம்மா, விறாந்தைய அடைச்சு கண்ணாடி போடுங்க. மழையும் வராது, மணலும் வராது. வருஷம் முழுக்க ஆத்தப் பாத்துக்கொண்டு இருக்கலாம்" என்றான். இதை விட்டால் நல்ல யோசனை கிடையாது என்று எனக்கும் பட்டது.

களுவாஞ்சிகுடியிலிருந்து அலுமினிய வேலை செய்கிற பாஸ் ஒருவர் வந்து அளவெடுத்தார். முழங்கால் உயரத்துக்கு அரைச்சுவர், அதற்கு மேல் கூரை வரை கண்ணாடி, ஓரத்தில் தள்ளித் திறக்கிற கதவு. கண்ணாடித் துண்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து காட்டினார். மேற்கு வெயில் நேரே அடிக்கிற இடம், அதனால் இந்த நிறம்தான் நல்லது என்று ஒன்றை எடுத்து நீட்டினார். "வெயில் சூடும் குறையும் அம்மா. வெளியால இருந்து பாத்தா உள்ளுக்கு ஒண்டும் தெரியாது. நீங்க தனிய இரிக்கிற ஆள், இதான் பாதுகாப்பு" என்றார். கள்ளனை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு சரி என்றேன். கச்சேரியில் எத்தனை பேரிடம், எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சீறியிருப்பேன்!

வேலை முடியும் வரை கண்ணாடியெல்லாம் நீலத் தாள் ஒட்டியபடியே இருந்தது. கடைசி நாள் பொழுதுபட்ட பிறகு உரித்துப் போட்டார்கள். உள்ளே விளக்கைப் போட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். கச்சான் வெளியே ஊளையிட்டது, என் தலைமயிர் ஒன்று அசையவில்லை. அவர் இருந்திருந்தால் அடுத்த கதிரையில் கால் நீட்டிப் படுத்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அன்றைக்கு வலிக்கவில்லை.

மறுநாள் மாலை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மச்சாளுக்காகக் காத்திருந்தேன். வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, புதிதாகப் பதித்த மாபிள் தரையில் கால் வழுக்கிவிடுமோ என்று பயந்து பயந்து நடந்து, முதல் தடவையாகக் கதிரையில் இருந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் பெருமை அளந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் கன்னம் உப்பி, கண் கலங்கி, இடமும் வலமும் தேடத் தொடங்கினாள். வெற்றிலைச் சாறு! நான் ஓடிப்போய்க் குசினியிலிருந்து ஒரு பேசினைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து வெளியே போய் மணலில் துப்பினாள்.

"நான் என்ன ஆசுப்பத்திரியிலயா கிடக்கன், பேசின் நீட்டுறாய்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் திரும்ப உள்ளே வரவில்லை. "அடுப்பில சோறு கிடக்கு, மறுகா வாறன்கா" என்று போய்விட்டாள்.

அடுத்த நாள் காற்று பலமாக இருந்ததால் கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். நாலு மணிக்கு மச்சாள் கடப்பால் வந்தாள். நேரே என்னைப் பார்த்தபடி வந்தாள். படிக்குக் கிட்ட வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் சிரித்தேன், கையைக் காட்டினேன், வா என்று தலையசைத்தேன். அவள் முகத்தில் ஒரு அசைவு இல்லை. வாய் மட்டும் அசைந்தது. வெற்றிலை மெல்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். ஒரு பேசினுக்காக இவ்வளவு வீம்பா? நான் சிரிக்கிறேன், இவள் கல்லுப் போல நின்றுவிட்டுப் போகிறாளே! எழுந்து கதவைத் தள்ளிக் கூப்பிட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நான் எழும்பவில்லை. அடுத்த நாளும் வந்தாள், பார்த்தாள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் கிறுக்கித் திருப்பிக்கொண்டேன். மீண்டும் நிமிர்ந்து பார்த்தபோது அவள் கடப்பைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நாலு மணிக்கு அவள் வருவாள், நான் முகத்தைக் கிறுக்குவேன், அவள் போவாள். சில நாள் வரமாட்டாள். வராத நாளில் எனக்கு இன்னும் கோபம் வரும். கண்ணாடிக்குள் ஒரே புழுக்கம், ஆனாலும் திறக்கவில்லை. தோணிகள் சத்தமில்லாமல் போய்வந்தன. இவ்வளவு அமைதியையா நான் கேட்டேன் என்று நினைத்து நினைத்து, வாய்விட்டுக் கதைப்பதற்கு ஆளில்லாமல், தொலைக்காட்சியைப் போட்டு விட்டுவிடுவேன். மகன் கேட்டால், சோக்காக இருக்கிறது என்று சொல்வேன்.

ஒருநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையில் பையோடு வந்தாள். வெற்றிலை போட்டிருக்கவில்லை. வழக்கத்தைவிடக் கிட்ட வந்து, கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பின்னுக்குப் போய், கொண்டையைச் சரிசெய்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். என் வீடு உனக்கு மேக்கப் போடுகிற இடமா என்று உள்ளே இருந்து கறுவினேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். நான் தொலைபேசியைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

மாரியின் முதல் மழை பெய்து வெளித்த ஒரு மாலை, கூரைத் தண்ணீர் வடிகிற பீலி அடைத்துக்கொண்டது. அதைப் பார்ப்பதற்காக முன்வாசலால் இறங்கி வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்கு வந்தேன். கண்ணாடி போட்ட பிறகு, வெயில் நேரத்தில் அந்தப் பக்கம் நான் வந்ததே இல்லை. உடுப்பைக்கூட உள்ளேதான் காயப்போட்டு வந்தேன். வந்து நிமிர்ந்து பார்த்தேன். விறாந்தை இல்லை. வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது, மேற்கு வானம் இருந்தது, நடுவில் ஒரு கிழவி நின்றாள். அது நான்தான் என்று தெரியச் சற்று நேரம் எடுத்தது. என் இரண்டு கதிரையையும் தேடினேன். கையை வைத்து மறைத்து, மூக்குப் படுமளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தொலைக்காட்சி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தமும் வெளியே வரவில்லை.

பாஸ் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவரை அவ்வளவு தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருக்கு நம்மைத் தெரியாது என்று எப்படி நினைக்கத் தோன்றும்? அவள் மென்றுகொண்டு நிற்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் பின்வளவால் வருகிறவர்கள் கூப்பிடுவார்கள், பதில் இல்லையென்றால் போய்விடுவார்கள். பூட்டிக் கிடக்கிற கதவைத் தட்டுவது பொலிஸ்காரர் வேலை. கொண்டையைச் சரிசெய்தவள் பாவம், தன் முகம் ஒன்றைத்தான் அங்கே கண்டிருக்கிறாள்.

காலடியில் பார்த்தேன். அரைச்சுவர் மறைத்ததால் உள்ளே இருந்து தெரியாத அந்தப் படியின் ஓரத்தில், கல்லுக்குக் கீழே வெற்றிலைகள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தாள். அடியில் இருந்தவை கறுத்துப் பொடியாகியிருந்தன, நடுவில் இருந்தவை சருகு, மேலே இருந்த ஒன்றில் மட்டும் இன்னும் கொஞ்சம் மஞ்சள் நிறம் மிச்சம். நான் முகத்தைக் கிறுக்கிய ஒவ்வொரு நாளும் அவள் குனிந்து வைத்திருக்கிறாள். படியிலேயே இருந்து அழுதேன்.

பீலியை மறந்து கடப்பால் ஓடினேன். அவளுடைய வீட்டு முற்றத்தில் அவள் தம்பி நின்று தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். அக்காவின் மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது, அக்கா உன்னிச்சைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டா, இனி அங்கேதான் இருப்பா, வீட்டுக்குத் தன் குடும்பம் வரப்போகிறது என்றான். "உங்களுக்குச் சொல்லிற்றுப் போகத்தான் வந்தவ அக்கா. நீங்க கனடாவுக்குப் போயிற்றீங்க எண்டு கவலப்பட்டா."

மச்சாளின் நம்பர்கூட என்னிடம் இல்லை. வேலிக் கடப்பால் வருகிறவளுக்கு எதற்கு நம்பர்? அவனே தன் தொலைபேசியில் நம்பரை அழுத்தி என்னிடம் தந்தான். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு அவள் குரல், வெற்றிலை நிறைந்த வாயோடு, ஆர் என்று கேட்டது.

"நான்தான் மச்சாள்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் துப்புகிற சத்தம் கேட்டது. வயல்வெளியின் காற்றும் கேட்டது.

"அடியே! எப்பகா வந்தாய்?" என்றாள்.

உள்ளேதான் இருந்தேன், உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"இப்பதான் மச்சாள்" என்றேன். "இப்பதான் வந்தன்."