இரண்டு தரத்தோடு நின்ற ஏலம்

"வெங்காயம்! வெங்காயம்! உரிக்காமலே அழவைக்கிற வெங்காயம்! ஒரு தரம்..." என்று கத்திக்கொண்டே மூட்டை மேல் ஏறுகிறார் ஏலக்காரர். வலது கை ஏலம் விடுகிறது. இடது கையில் தேநீர். அதைக் குடிக்கிறார் என்றா நினைத்தீர்கள்? ஊதுகிறார்! "ரெண்டு தரம்!" மறுபடி ஒரு ஊதல். "மூணு தரம்!" வெங்காயம் கைமாறிவிட்டது, தேநீர் இன்னும் ஆறவில்லை. கீழே ஒரு வியாபாரி ஆவி பறக்கும் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோக, மேலேயிருந்தே பாய்கிறது குரல்: "யோவ்! டீ என்ன ஓடியா போகுது? ஆற விட்டுக் குடிய்யா!"

மார்க்கெட்டில் இவருக்குப் பெயர் சைரன். பெற்றவர்கள் வைத்த பெயரை மனைவியே மறந்திருப்பார். நான் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன். காலையில் காய் எடுக்கப் போகிறேன் என்பது பேருக்குத்தான், இந்த மனிதரின் அமர்க்களத்தைப் பார்க்கத்தான் போகிறேன். விலை மலிவு என்பதும் உண்மைதான், பொய் சொல்வானேன்!

முன்பெல்லாம் இவர் குடித்த வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கு நாக்கு கூசும். ஒரு குவியல் விற்று முடிந்து அடுத்த குவியலுக்கு நடக்கிற அந்த நாலடி தூரம்தான் அவருக்கு ஓய்வு. அதற்குள் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கு. "ஆறின டீ தொண்டைய அடைச்சிடும் தம்பி. சூடா ஊத்தினாத்தான் குரல் கணீர்னு இருக்கும்" என்பார். ஏலக்காரர்கள் எல்லோருக்கும் இது வேதவாக்கு.

அப்புறம் ஒரு நாள் ரொட்டி நெஞ்சில் நின்றது. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது என்று அவரே முடிவு கட்டினார். வைத்தியம்? இன்னும் சூடாகத் தேநீர்! அது சரிப்படாமல் போக, அதைவிடச் சூடாக! கடைசியில் மனைவி இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் வாய் வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஐயா, குரல் வர்ற குழாய் வேற, சோறு போற குழாய் வேற. நீங்க அதுக்குன்னு நெனச்சு இதுல கொதிக்கிறதை ஊத்தியிருக்கீங்க."

புற்று இல்லை. ஆனால் வருடக்கணக்கான நெஞ்செரிச்சலில் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்தோல் மாறியிருந்தது. அப்படி மாறியவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை, சிலருக்கு வரும், அதனால் அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார். அவ்வளவுதான், மனிதர் ஏலத்தோடு சேர்த்து இதையும் கூவ ஆரம்பித்துவிட்டார்!

"உலகத்துல நெறைய பேருக்கு வர்ற புற்றுங்கள எடுத்தா, மொதப் பன்னண்டுக்குள்ள இந்தச் சோறு போற குழாயில வர்ற புற்று நிக்குதாம்! ஆம்பளைக்குப் பொம்பளையைப் போல ரெண்டு மூணு மடங்கு! வயசு ஏற ஏற இன்னும் கூடுமாம்! கேட்டியா, கத்திரிக்காய்க்காரரே?" கத்திரிக்காய்க்காரர் விலை கேட்க வந்தவர், பாவம். "குழாயோட மேல நடுவுல வர்றதுக்குப் பீடி சிகரெட், புகையில, சாராயம். புகையும் சாராயமும் ஜோடி சேந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல, பல மடங்கு! கீழ வர்றதுக்கு என்னை மாதிரி தொப்பையும் நெஞ்செரிச்சலும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறதும் ஆகாதாம். காயும் பழமும் தின்னாதவனுக்கும் வருமாம். அட, காய்கறி மார்க்கெட்டுல நின்னுக்கிட்டு காய் தின்னாத பயலுவளா!"

சிலர் சிரித்தார்கள். "இதெல்லாம் இல்லாதவனுக்கும் வருதேண்ணே" என்று ஒருவர் மடக்கினார். "வரும்தான். மழை குடை வெச்சிருக்கறவன் மேலயும்தான் பெய்யுது, அதுக்காகக் குடையைத் தூக்கிப் போடுவியா?" என்றார் சைரன், ஒரு கணமும் யோசிக்காமல்.

இத்தனை கூச்சலும் உண்மையில் ஒரே ஓர் ஆளுக்காகத்தான். தராசடியில் எடை போடும் தன் மச்சானுக்காக. மனைவியின் தம்பி, வளர்த்ததே இவர்கள்தான். வாயில் சிகரெட் அணையாது, சாயங்காலம் ஆனால் பாட்டில். கொஞ்ச காலமாக ரொட்டியை டீயில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் விழுங்குகிறான். ஆள் பாதியாகிவிட்டான், கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அக்கா அழுது பார்த்தாள், சைரன் கத்திப் பார்த்தார். அவன் ஒரே பதில்தான் வைத்திருந்தான்: "பாத்தாத்தானே மாமா இருக்கும்? பாக்காம விட்டா இல்ல." ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவருக்கு இந்தப் பதிலைக் கேட்டால் மட்டும் முகம் செத்துப்போகும்.

போன வாரம் நான் போயிருந்தபோது உருளைக்கிழங்கு ஏலம். வெளியூர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன, விலை ஏறிக்கொண்டே போகிறது, ஆளாளுக்குக் கையைத் தூக்குகிறார்கள், எனக்கே உடம்பு புல்லரிக்கிறது! "ஒரு தரம்!" என்றார் சைரன். "ரெண்டு தரம்!"

அந்த நேரம் பார்த்துத் தராசுக்குப் பின்னால் மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பினான். நெஞ்சில் கையால் குத்திக்கொண்டான். விழுங்கிய ஒரு வாய் ரொட்டி அப்படியே வெளியே வந்தது. சட்டென்று துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எடைக்கல்லை எடுத்தான். மூட்டை மேல் நின்றவருக்கு எல்லாம் தெரிந்தது.

சைரன் வாயை மூடினார். இறங்கினார். உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, மூணு தரம் சொல்லுங்கண்ணே!"

மூன்றாம் தரம் சொல்லாமல் சரக்கு நகராது. சரக்கு நகராமல் லாரி நகராது. இங்கே ஏலக்காரர் வாய்க்குத்தான் அதிகாரம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், வாங்க வந்தவர்கள் கெஞ்சினார்கள், திட்டினார்கள். அவர் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஒட்டுமொத்த மார்க்கெட்டும் தராசுப் பக்கம் திரும்பியது.

"டேய், போய்த்தான் பாத்துட்டு வாயேன்டா!" "இங்க எங்க பொழப்பு நிக்குதுடா!" "அவர் வாயை மூடி நான் பாத்ததே இல்லடா, பயமா இருக்கு, போய்த் தொலை!" இந்தக் கடைசிக் குரல் என்னுடையது. அடக்க முடியவில்லை!

"மாமா, எந்திரிங்க" என்றான் மச்சான். அவர் எழுந்திருக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு மாமா" என்றான். அவ்வளவு பேர் முன்னால், குரல் உடைந்து. பிறகு சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்துத் தராசுத் தட்டில் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து நடந்தான். சைரன் துள்ளி எழுந்து பின்னாலேயே ஓடினார். "அண்ணே, உருளை!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் ஓர் ஆட்டோவில் ஏறினார்கள். நானும் விடவில்லை, மூச்சு வாங்க ஆட்டோ வரைக்கும் ஓடினேன்.

"எங்கண்ணே போகணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

சைரன் வாயைத் திறந்தார். மார்க்கெட்டின் அந்தக் கோடிவரை கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப்பா. கேமராக் குழாய் விட்டுப் பாக்கறாங்களே, அங்க" என்றான் மச்சான்.

வண்டி கிளம்பியது. சைரன் தன் உள்ளங்கையை மச்சானின் நெஞ்சில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.