வெர்னா இழுத்துக் கட்டிய கேபிள்

விஸ்கான்சினில் எங்கள் பக்கத்து வீட்டு வெர்னா டாலஃப்சனுக்கு வயது எழுபத்தொன்று. அவளைவிடக் கொஞ்சமே இளையதான ஓர் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை இன்னும் ஓட்டுகிறாள். பிடிவாதக்காரி. இடது கையில் மூட்டுவாதம் வந்ததை டாக்டரிடம்கூட மறைத்தவள்.

இந்த வசந்தத்தில் கிளட்சைப் பிரித்துப் புதுத் தட்டுகள் போட்டாள். மாட்டி முடித்ததிலிருந்து கிளட்ச் நழுவியது. கிக்கரை மிதித்தால் கால் சும்மா கீழே போனது, எஞ்சின் சுற்றவில்லை. ஸ்பிரிங்குகளை முறுக்கினாள். கொஞ்சம் பிடித்தது, ஆனால் இடது கையால் அமுக்கும் லீவர் கல்லாகிவிட்டது. மறுபடி பிரித்தாள், மாட்டினாள், முறுக்கினாள்.

சனிக்கிழமை அவள் தம்பி ஆரின் வந்தான், பைக் ஏற்றும் டிரெய்லரோடு. அந்த பைக்குக்காகப் பல வருஷமாய் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பவன்.

"அக்கா, கிளட்ச்ல ஒண்ணுமில்ல. உன் கைதான் ரிப்பேர்."

"வாயை மூடிட்டு அந்த ஸ்பானரை எடு."

"லீவரை முழுசா அமுக்கு, நான் காலி டிரெய்லரோட போயிடறேன். முடியலன்னா பைக் என்னோட வருது. சரியா?"

"சரிடா."

வெர்னா சொன்ன சொல் மாறமாட்டாள். உதவிக்கு வந்து நின்ற எனக்குத்தான் கவலை.

அமுக்கினாள். லீவர் பாதிகூட வரவில்லை.

"இன்னொரு தடவை பிரிச்சுப் பாத்துடறேன். அதுவரைக்கும் காபி குடி." ஆரின் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

பிரிப்பதற்காக ஸ்பிரிங்குகளைத் தளர்த்தினாள், லீவரிலிருந்து கிளட்சுக்குப் போகும் கேபிளைக் கழற்றினாள். என்ன தோன்றியதோ, கிக்கரை ஒரு மிதி மிதித்தாள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தும் எஞ்சின் சுற்றியது.

வெர்னா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கேபிளில் கொஞ்சம் தொய்வு விடவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கை வலிக்கிறதே, லீவரைத் தொட்டதும் வேலை செய்யட்டும் என்று தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாள். அதனால் கிளட்ச் எப்போதும் பாதி அமுங்கியே கிடந்து நழுவியது. நழுவுகிறதே என்று ஸ்பிரிங்கை முறுக்க, லீவர் இறுகியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

ஸ்பிரிங்குகளை மறுபடி முறுக்காமல், தொய்வு விட்டுக் கேபிளை மாட்டினாள். கிக்கர் அப்போதும் பிடித்தது. பிறகு லீவரை அமுக்கினாள். வலி முகத்தில் தெரிந்தது. ஆனால் லீவர் கைப்பிடியைத் தொட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆரின் தன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

"இந்த வருஷம் தப்பிச்சிட்டக்கா."

"ஆமா." வெர்னா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷமும் டிரெய்லரைக் கொண்டு வாடா. தேவைப்படும்."