மாவுக்கடையில் ஒரு கறுப்புப் பாட்டில்

கீழக்கரையில் வழக்கமாக இட்லி மாவு வாங்கும் பரீதாக்கா கடைக்குக் காலையில் போனேன். மாவுச் சட்டியைக் காணோம். மேசையில் ஒரு சின்னப் பாட்டில். உள்ளே தண்ணீர் கறுப்பாக இருந்தது.

“எங்க கிணத்துத் தண்ணிதான். தண்ணிய சோதிக்கிற டெஸ்ட் பாட்டில் கொஞ்சம் வாங்கி, ஒண்ணுல நேத்து ஊத்தி வச்சேன். கெட்ட கிருமி இருந்தா கறுத்துப் போகுமாம். அரைச்ச மாவையெல்லாம் கொட்டிட்டேன்.”

உப்புக் கரிக்காத கிணறு அமைவதே அரிதான ஊர் இது. கரிக்கவில்லையென்றால் நல்ல தண்ணீர் என்று நாக்கையே நம்பி இருந்துவிட்டோம்.

“இதக் கடையில வச்சா யாவாரம் போயிராதாக்கா?”

“போனாப் போகுது. பிள்ளைக திங்கிற மாவு. கிணத்துக்கு மருந்து போட்டுருக்கேன். அடுத்த பாட்டில் கறுக்காட்டித்தான் அரைப்பேன்.”

பின்னால் நின்ற பெண்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். “எங்க கிணத்துக்கும் ஒரு பாட்டில் தாங்கக்கா” என்று கை நீட்டினார்கள். பரீதாக்கா தனக்கு ஒன்றை எடுத்துவைத்துவிட்டு மீதிப் பாட்டில்களைக் கொடுத்தார்.

நானும் ஒன்று வாங்கி வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். “நம்ம கிணறு கல்கண்டு” என்று ஊரெல்லாம் பெருமை பேசும் என் கணவர் அரைமணிக்கு ஒருமுறை அதை எட்டிப் பார்க்கிறார். தண்ணீர் இன்னும் நிறம் மாறவில்லை. அவர் முகம்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக் கிணற்றுக்குச் சான்றிதழ் கொடுத்தது யாருடைய நாக்கு?