இடது கன்னத்தில் ஒரு மச்சம்

எங்கள் ஊரில் கலர் என்றால் ஒரே ஒரு நிறம்தான். "பொண்ணு கலரா?" என்று கேட்டால் வெள்ளையா என்று அர்த்தம். கறுப்பு, மாநிறம், புதுநிறம் எதுவும் கலர் கணக்கில் வராது. கம்பத்தில் இருபத்திரண்டு வருடமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். திராட்சைத் தோட்டத்தில் பகல் முழுக்க வெயிலில் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கூட ஸ்டூலில் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "அண்ணே, கொஞ்சம் கலரா எடுங்க" என்பதுதான்.

நானும் கலர் ஏற்றிவிடுவேன். எனக்கென்ன வந்தது? கம்ப்யூட்டரில் ஒரு கோட்டை வலது பக்கம் இழுத்தால் ஆள் வெளுத்துவிடுகிறார். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்து மடிப்பு என்று எதையும் என் கை விட்டு வைக்காது. கடை போர்டில் என் படமும் இருக்கிறது. அதில் நெற்றி வரைக்கும் சுருள் முடி. அந்த முடி என் தலையில் முளைத்தது இல்லை, மவுஸில் முளைத்தது.

சுருளிப்பட்டி மாப்பிள்ளை ஒருவருக்கு வரன் பார்க்கப் படம் எடுத்தேன். தொப்பையைக் கரைத்து, தாடையை இழுத்துப் பிடித்து, இரண்டு பாயிண்ட் கலர் ஏற்றிக் கொடுத்தேன். பெண் வீட்டார் வந்த அன்று கதவைத் திறந்ததே மாப்பிள்ளைதான். அவரிடமே, "மாப்பிள்ள உள்ள இருக்காகளா?" என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "அண்ணே, அடுத்த வாட்டி கொஞ்சம் கம்மியா ஏத்துங்க. அந்தப் படத்த என்னால எட்டிப் பிடிக்க முடியல" என்றார். இந்தக் கதையை ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கும் ஒரு நாள் இப்படி வந்து சேரும் என்று யார் கண்டது?

என் மகள் டிகிரி முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை கொஞ்ச மதிப்பெண்ணில் கை நழுவிப் போயிருந்தது. இரண்டாவது தடவைக்கு ஒரு வருடம் முழுக்கப் படித்தாள். கடையில் எனக்கு ஒத்தாசையாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, தாள் வெளியே வருகிற நேரத்தில்கூட ஒரு பக்கம் படித்துவிடுவாள். கல்யாண வீடு, கோயில் திருவிழா எதற்கும் வரவில்லை. "இந்த வாட்டி விட்டா அடுத்தது எப்ப வரும்னே தெரியாதுப்பா" என்று அடிக்கடி சொல்வாள்.

விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். உட்கார வைத்து எடுத்தேன். பச்சைச் சுடிதார், காதோரம் ஒரு முடிக்கற்றை, லேசாகச் சிரித்தும் சிரிக்காத முகம்.

"அப்பா, இது பரீட்சைக்குப் போற படம். எதையும் தொடாதீக."

"தொடலத்தா."

"சத்தியமா?"

"சத்தியமாத்தா. உன் படத்துல தொடுறதுக்கு என்ன இருக்கு?"

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் தன் போனைச் செருகி ஒரு காப்பி எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். இதுல நான் நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அவள் சாப்பிட்டு வருவதற்குள் என் கை தன் வேலையைக் காட்டிவிட்டது. முதலில் கழுத்தோரம் விழுந்த நிழலை மட்டும்தான் சரி பண்ணினேன். நிழலை எடுத்ததும் முகம் தட்டையாகத் தெரிந்தது, அதனால் ஒரு பாயிண்ட் கலர். கலர் ஏறியதும் தாடை அகலமாகத் தெரிந்தது, அதையும் இழுத்தேன். இதையெல்லாம் செய்தபிறகு அந்த மச்சம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. இடது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம், பிறந்ததிலிருந்தே உண்டு. ஒரு கிளிக். போயே போய்விட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் இடம் குறைவு என்பதால் பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்துவிடுவது என் வழக்கம். அப்படியே சேமித்து, விண்ணப்பத்திலும் ஏற்றிவிட்டேன். கேமரா கார்டையும் அன்று சாயங்காலமே அழித்துவிட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. நானே பளபளவென்று கலர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"இது யாருப்பா?"

வேலைப்பாட்டைப் பாராட்டுகிறாள் என்று நினைத்து நான் ஈயென்று இளித்தேன். அவள் அதை மடித்து உள்ளே வைத்தாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பிரிண்டின் தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை தேனியில், ஞாயிற்றுக்கிழமை. காலையில் பைக்கில் கிளம்பினோம். நான் ஒரு தடித்த ஃபைலை அவள் கையில் கொடுத்தேன். மார்க் ஷீட், பள்ளிக்கூட டி.சி., ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் என்று வீட்டிலிருந்த காகிதம் எல்லாம் அதில் இருந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பரீட்சைக்குப் போறமா, சம்பந்தம் பேசப் போறமாப்பா? ஜாதகத்த மட்டும் விட்டுட்டீக."

"பேசாம உக்காருத்தா. எது எப்ப தேவைப்படும்னு யாரு கண்டா."

உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி தாண்டும் வரை பின்னாலிருந்து என்னைக் கேலி பண்ணிக்கொண்டே வந்தாள். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். போன் கொண்டு போகக் கூடாது என்பதால் அதை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஹால் டிக்கெட்டோடும் ஆதாரோடும் வரிசையில் போய் நின்றாள். நான் எதிர்ப்பக்கக் கடையில் ஒரு டீ சொன்னேன். டீ வருவதற்குள் கேட்டிலிருந்து குரல் வந்துவிட்டது.

"இந்தப் பொண்ணு கூட வந்தது யாரு?"

ஓடினேன். கேட்டில் சோதனை போடுகிற அம்மா ஹால் டிக்கெட்டை என் மகளின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?" என்று என்னைக் கேட்டார். "உங்க மூத்த பொண்ணா?"

"எனக்கு ஒரே பொண்ணுதாங்க."

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அது பத்து வயதில் எடுத்தது. அந்தக் கறுப்பு வெள்ளை மூட்டத்துக்குள் இருப்பது என் மகளா, பக்கத்து வீட்டுப் பையனா என்று பெற்ற எனக்கே சொல்ல முடியாது. ஆள் மாறாட்டமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட, கறாரான மனிதர் வந்தார். மணி எட்டு நாற்பது.

ஃபைலைப் பிரித்து டி.சி.யை நீட்டினேன். அதில் அங்க அடையாளங்கள் என்று ஒரு இடம் இருக்கும். ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று வாத்தியார் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதியது. அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார்.

"ஒன்று, இடது கன்னத்தில் ஒரு மச்சம். இரண்டு, வலது முழங்கையில் ஒரு தழும்பு."

என் மகள் முழங்கையைக் காட்டினாள். சைக்கிள் பழகும்போது விழுந்த தழும்பு. அவர் அதைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்.

"சர்டிபிகேட்ல மச்சம் இருக்கு. பொண்ணு முகத்துலயும் இருக்கு. படத்துல மட்டும் இல்ல. அப்ப இந்தப் படம் யாரோடது?"

இதற்கு மேல் மறைக்க வழி இல்லை. "சார், நான் ஸ்டுடியோ வச்சிருக்கேன். நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"படத்தையா?"

"படத்தையும்தான் சார். மச்சத்தையும்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எடிட் பண்ணாத படம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கடையில் இருந்த என் மனைவிக்குப் போன் போட்டு அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். "ஏங்க, மச்சம் இல்லாததுதாங்க இருக்கு" என்றாள். இருக்கும், நான்தானே மேலேயே சேமித்தேன்! இருபத்திரண்டு வருடத் தொழிலையும் அந்தக் கேட்டிலேயே போட்டுக் கொளுத்தலாம் போல இருந்தது. மணி எட்டு ஐம்பது. ஒரு வருடமாக ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று படித்த பிள்ளையை, நான் ஒரு கிளிக்கில் வெளியே நிறுத்திவிட்டேன்.

"அப்பா" என்றாள் என் மகள். அவள் குரலில் பதற்றமே இல்லை. "என் போன எடுங்க."

"எனக்கு உன் பூட்டுத் திறக்கத் தெரியாதுத்தா."

"தொறக்க வேணாம். சும்மா பட்டன மட்டும் அமுத்துங்க."

அமுக்கினேன். வெளிச்சம் வந்தது. பூட்டிய திரையிலேயே அந்தப் படம் இருந்தது. பச்சைச் சுடிதார், காதோர முடிக்கற்றை, கழுத்து நிழல், அவளுக்கென்று அமைந்த தாடை, மிளகு மச்சம், எல்லாம் அப்படியே.

அதிகாரி போனை ஹால் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அதே முடிக்கற்றை, அதே சுடிதார்ச் சுருக்கம். நல்லவேளை, சுருக்கத்தை நான் தொடவில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"உறுதிமொழி எழுதிக் குடுங்க. படத்துல இருக்கது என் மகள்தான், மச்சத்த நீக்குனது நான்தான்னு எழுதுங்க. ஏன் நீக்குனேன்னு காரணமும் எழுதுங்க."

முதல் இரண்டையும் எழுதிவிட்டேன். காரணத்தில் பேனா நின்றுவிட்டது. என்ன எழுதுவது? அழகாக இருக்கட்டும் என்றா? அப்படி எழுதினால், இருக்கிற முகம் அழகில்லை என்று அப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். அவளோ கேட்டோரம் நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணி எட்டு ஐம்பத்தைந்து.

"பழக்க தோஷம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்துவிட்டு என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கன இருபது வருஷமா டூட்டி பாக்குறேன். இப்படி ஒரு காரணத்த யாரும் எழுதுனதில்ல" என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பினார். அவள் உள்ளே ஓடிக் கொஞ்ச நேரத்தில் கேட்டைப் பூட்டினார்கள். நான் போய் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

மத்தியானம் வெளியே வந்தாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. பன்னீர் திராட்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி டம்ளரில் கேட்டாள்.

"காரணம்னு என்னப்பா எழுதுனீக? ரொம்ப நேரம் யோசிச்சீக."

சொன்னேன். புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஹால் டிக்கெட்டு வந்ததுல இருந்து தெனமும் கண்ணாடி முன்னாடி நின்னு, மச்சத்த வெரலால மறைச்சு மறைச்சுப் பாத்தேம்ப்பா. அதுக்கு முன்னாடி அங்கன ஒண்ணு இருக்கதே எனக்கு ஞாபகம் இருக்காது. தாடையக் கையால அமுக்கி அமுக்கிப் பாத்தேன். படிக்க உக்காந்தாலும் அதுதான் ஓடுச்சு. அப்பறந்தான் பழைய படத்தத் தூக்கிப் போன்ல போட்டேன். பாக்கப் பாக்க எனக்கு என் மூஞ்சி திரும்ப வந்துச்சு."

ஊரில் எவனோ ஒருவன் என் மகளைக் கறுப்பு என்றோ குண்டு என்றோ சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் எந்தச் சட்டையைப் பிடிப்பது? வெட்கமாக இருந்தது. "தப்புதாத்தா" என்றேன். "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஜூஸ் கேட்டாள்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் போனில் இருந்த அந்தப் படத்தை வாங்கிப் பெரிதாக்கி, கடையின் கண்ணாடி ஷோகேஸில் நடுவில் வைத்துவிட்டேன். இப்போது யாராவது மச்சத்தையோ தழும்பையோ எடுக்கச் சொன்னால் இரண்டு தடவை கேட்கிறேன். அதற்காக நான் ஒரேயடியாகத் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். போர்டில் என் சுருள் முடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மகள் கடைக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "இது யாருப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாள்.

போன வாரம் ஒரு அக்கா தன் மகளைப் படம் எடுக்கக் கூட்டி வந்தார். ஷோகேஸை உற்றுப் பார்த்தவர், என் தொழிலில் குறை கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார்.

"ஏந்தம்பி, இந்தப் புள்ளைக்கு மச்சத்த எடுக்க மறந்துட்டீகளே?"

"அத எடுக்கக் கூடாதுக்கா" என்றேன். "அது கவர்மெண்ட்ல பதிவானது. எடுத்தா உள்ள விடமாட்டாக."