ஆசான் மகன் தொடாத கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாகர்கோவில் பஸ் ஒன்றில் கண்டக்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே ஒருவர் டிக்கெட் கேட்காமல் முழங்காலை நீட்டினார். என் அப்பா சுளுக்கும் எலும்பு முறிவும் பார்க்கும் பேர்போன வர்ம ஆசான். ஒற்றை விரலால் யானையைப் படுக்க வைத்தவர் என்று திற்பரப்பு முதல் கன்னியாகுமரி வரை பேச்சு. வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் அம்மாவைக் கூப்பிடுவார்.

எனக்கு வர்மம் தெரியாது. மகன் என்பதற்காக எந்த ஆசானும் சொல்லிக்கொடுத்துவிட மாட்டார். ஆனால் தெரிந்த ஆசானும் தெரியும் என்று சொல்வதில்லை. அதனால் நான் மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறியது.

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆள் ஏற்றிப் போகையில் வழியில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் தங்கையன் அண்ணன் இஞ்சினைக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஹேண்டில் திருப்பி அடித்தது. அவர் வலது கை மணிக்கட்டுக்கு மேலே கோணி, வீங்கிவிட்டது.

கூடிநின்ற பயணிகள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடும்படி என்னிடம் சொன்னார்கள். தெரியாது என்றேன்.

"கேட்டீரா? ஆசான்மாரு இப்பிடித்தான் சொல்லுவாவ" என்றார் ஒருவர்.

தங்கையன் அண்ணனே கையை நீட்டினார். கை போனால் அவருக்குப் பிழைப்பு இல்லை. எனக்கும் சபலம் தட்டியது. சரியாகிவிட்டால் அன்றே நானும் ஆசான். நல்லவேளை, பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. துண்டைக் கழுத்தில் கட்டிக் கையைத் தூக்கிவைத்து, மாட்டுவண்டி பிடித்து அப்பாவிடம் கொண்டுபோனேன். பயணிகள் என்னைத் திட்டிக்கொண்டே கொடைக்கு நடந்தார்கள்.

அப்பா எங்கள் இருவரை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். கையை மெல்லத் தடவிப் பார்த்தார். வர்ம எண்ணெயைத் தொடவில்லை. எலும்பு நொறுங்கியிருக்கிறது, இழுத்தால் கையே போய்விடும், யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். பேர்போன ஆசானுக்குப் பின்வாசலா என்று கேட்டேன். அவருக்கு வெட்கமே இல்லை.

"நீ இழுத்துப் பாத்தியா?"

"இல்ல."

"அப்ப பொழச்சான். சீக்கிரம் போலே."

கை தேறித் தங்கையன் அண்ணன் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்த அன்று, ஆசான்தான் குணமாக்கினார் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. கட்டுப்போட்டது ஆஸ்பத்திரிதானே என்று அவர் காதில் கேட்டேன்.

"சரிதான் மக்கா. கெட்டுப்போட அங்க கை வேணும்லா? அத விட்டுவச்சது ஒனக்க அப்பனும் நீயும்."

அதன்பிறகு தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம் வந்ததில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, நீங்களும் கூசாமல் சொல்லுங்கள். யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டாலும் கையை மட்டும் வைத்துவிடாதீர்கள்.