கூப்பிடு தூரத்துக் கிணறு

மேலதிகாரிகளுக்குக் கோபம் வந்தால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுவார்கள். என்னை அப்படி மிரட்ட வழியில்லை. நான் பிறந்ததே அந்தக் காட்டில்தான். உத்தியோகம் கிடைத்ததும் அங்கேதான். இராமநாதபுரத்தில் புள்ளிவிவர ஆய்வாளர். பதவியின் பெயர் நீளமாக இருக்கும். வேலை என்னவோ வெயிலில் நடப்பதுதான்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், சில ஊர்களுக்கு மட்டும் குடிநீர்க் கிணறு வெட்டப் பணம் வந்தது. கேட்டு நின்ற ஊர்களோ ஏராளம். அதுவரை செல்வாக்கு உள்ள ஊருக்குத்தான் கிணறு போகும். ஏற்கெனவே கிணறு இருக்கும் ஊரில் இன்னொன்று, அதுவும் பெரிய மனிதர் வீட்டுக் கொல்லைக்குப் பக்கத்தில். இந்த முறை அப்படி வேண்டாம், முறைப்படி செய்வோம் என்று முடிவானது. ஒவ்வோர் ஊரிலும் சில வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பதுபோல் எடுத்து, குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று குடும்பத் தலைவரிடம் கேட்க வேண்டும். சராசரி தூரம் எந்த ஊரில் அதிகமோ அந்த ஊருக்கு முதலில் கிணறு. எதற்காகக் கேட்கிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் வாசலில் கிணறு வைத்திருப்பவனும் நாலு மைல் நடக்கிறேன் என்பான்.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. யார் காலையும் பிடிக்காமல், யாருக்கும் சலாம் போடாமல் ஓர் ஊருக்கு நியாயம் கிடைக்கும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்புக்கூட வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பதற்கென்று வெறும் எண்களாக அச்சடித்த ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஊர்க் கோயில் வாசலில் உட்கார்ந்து, வீடுகளுக்கு வரிசையாக எண் போட்டு, புத்தகத்தைப் பிரித்து எந்த எண் விழுகிறதோ அந்த வீட்டுக்குப் போவேன். சுற்றி நிற்பவர்கள் அதைப் பஞ்சாங்கம் என்றே நினைத்தார்கள். "எங்க வீட்டுக்கு நேரம் சரியில்லையாக்கும்?" என்று விடுபட்டவர்கள் முகம் வாடிப் போவார்கள். எத்தனை சொன்னாலும் புரியாது. என் மனைவிக்கே புரியவில்லை, ஊராரைச் சொல்லி என்ன.

முதலில் திருவாடானைப் பக்கம் முடித்தேன். கண்மாயும் வயலுமான ஊர்கள். பிறகு சாயல்குடிக்கு பஸ் ஏறி, மாரியூரை ஒட்டிய ஒரு கடலோர ஊருக்கு மணலில் நடந்து போய்ச் சேர்ந்தேன். பனையும் உடைமரமும் தவிர வேறு பச்சை இல்லை. ஊருக்குள் நுழைந்து, திருவாடானைப் பக்கமிருந்து வருகிறேன் என்றதும் ஒருவர் ஓடி வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்துக் காலைக் கழுவச் சொன்னார். வாயில் ஊற்றிப் பார்த்தேன். நல்ல தண்ணீர். காலில் கொட்டுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

முதல் வீட்டில் கேட்டேன். "கெணறு இங்கனதான், கூப்புடு தூரம்" என்றார் வீட்டுக்காரர். அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே, வார்த்தைகூட மாறவில்லை. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் பித்தளைப் பானைகள் விளிம்புவரை நிறைந்து நின்றன. பெண்கள் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையை முடித்து ஊர் எல்லையைத் தாண்டும்போது, கடைசியாகக் கேட்ட வீட்டுக்காரரின் மனைவி குடத்தோடு பின்னாலேயே வந்துவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"அய்யா, அந்தக் கெணத்துத் தண்ணிய மாடுகூடக் குடிக்காது. ஒரே உப்பு. வாங்க, நாங்க எங்க எடுக்கோம்னு காட்டுறேன்."

அவளோடு நடந்தேன். நடை முடிகிற பாடில்லை. மணல்மேட்டுக்கு அப்பால் ஆள் உயரத்துக்குத் தோண்டிய ஊற்றுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் இறங்கி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. காலையில் வந்தவள் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவாளாம்.

"பெறகு எதுக்கு உங்க வீட்டுக்காரர் அப்படிச் சொன்னார்?"

"எங் கொழுந்தனுக்குத் திருவாடானைப் பக்கம் பொண்ணு பேசிக்கிட்டிருக்கு. நீங்க அங்கனருந்துதான வாரீக? பொண்ணு வீட்டுக்காரவுக விசாரிக்க அனுப்பின ஆளுன்னு நெனச்சுட்டாக. தண்ணி இல்லாத ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

பெண் வீட்டார் வருகிற அன்று தெருவே ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து அந்த வீட்டுப் பானைகளை நிரப்பிவிடுவது அங்கே வழக்கமாம். வந்தவர்கள் கால் கழுவவும் நல்ல தண்ணீர்தான். நான் கோயில் வாசலில் எண் போட்டுக்கொண்டிருந்தபோதே, போகப்போகிற வீடுகளுக்கெல்லாம் எனக்கு முன்னால் குடங்கள் போயிருக்கின்றன. அவளும் அப்படி ஏமாந்து வந்தவள். அவள் பிறந்த ஊரில் வீட்டுக்குப் பின்னாலேயே கண்மாய். "நீங்களாச்சும் உள்ளத எழுதுங்கய்யா. இடுப்பு ஒடியுது" என்றாள்.

குடும்பத் தலைவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. இராமநாதபுரம் திரும்பியதும் அலுவலகத்தில் நடந்ததை எல்லாம் அதிகாரியிடம் கொட்டினேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு அந்த ஊர்ல இரக்கம் வந்தா நீங்க தூரத்தை மாத்துவீங்க. இன்னொருத்தருக்கு அவர் மச்சான் ஊர்ல இரக்கம் வரும். அப்புறம் இந்தக் கணக்கெடுப்பெல்லாம் எதுக்கு, பழையபடி சிபாரிசுக்கே போயிடலாமே?"

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பெண்களிடமும் கேட்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மேலே அனுப்பினார். அது மேலேயே இருந்துவிட்டது. சராசரியில் அந்த ஊர் கடைசிக்குப் போனது. கிணறு வேறொரு ஊருக்குப் போனது. அவர்களும் பாவப்பட்டவர்கள்தான், குறை சொல்ல முடியாது. கொழுந்தனுக்குப் பெண் கிடைத்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நெல், ஆடு, நெசவு, பள்ளிக்கூடம் என்று எதையெதையோ எண்ணினேன். தலைகீழாக நின்றாலும் மனிதர்கள் தங்கள் கவலைக்குத்தான் பதில் சொல்வார்கள், நம் கேள்விக்கு அல்ல என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. அறுபதுகளில் மறுபடியும் குடிநீர்க் கணக்கு வந்தது. அதே வட்டாரம். எண் புத்தகத்தைப் பிரித்தேன். அதே ஊரில், அன்று குடத்தோடு பின்னால் வந்தவளின் வீடே விழுந்தது.

கணவன் இறந்துபோய் அவளே குடும்பத் தலைவியாக இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, விதிப்படியே, அவள் வாயாலேயே உண்மையை எழுதப் போகிறேன்.

"குடிக்கிற தண்ணி எங்கேம்மா எடுக்குறீங்க?"

"கெணறு இங்கனதான்யா. கூப்புடு தூரம்."

எழுதாமல் அவளையே பார்த்தேன். முற்றத்தில் பானைகள் நிறைந்து நின்றன. ஒரு வாலிபன் பனை ஏறும் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா இது? நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"எம் மகனுக்கு வைகாசிக்குள்ள கல்யாணம் முடிக்கணும். தண்ணி இல்லன்னு எழுத்துல ஏறுனா வெளிய தெரிஞ்சுரும். நீங்க எழுதிட்டுப் போயி கெணறு எப்ப வரும்னு ஒங்களுக்கே தெரியாது. எனக்கு இனிமே குடம் தூக்கத் தெம்பு இல்லய்யா. வீட்டுக்கு ஒரு பொம்பள வரணும்."

எழுதினேன். வேறு என்ன செய்ய? எழுந்தபோது அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நீங்களும் நம்ம சனந்தான்னு சொன்னாக. ஊர் ஊராப் போறவுக. நல்ல பொண்ணா இருந்தாச் சொல்லுங்க. பையன் தங்கமானவன், பீடிகூடக் கெடையாது."

பையனைப் பார்த்தேன். அவள் சொன்னது பொய்யில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லம்மா" என்றேன்.

இராமநாதபுரத்தில் என் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.