அல்லது என்று போட்ட கணக்குகள்

கணக்குத் தெரியாமல் நான் ஃபெயிலாகவில்லை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் எனக்கு ஆயா வேலை. பத்தாவது பாஸ் செய்தால் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு அனுப்புவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். திறந்தநிலைப் பள்ளியில் பெயர் கொடுத்து வீட்டிலிருந்தே படித்தேன். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது. கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது.

என் வீட்டுக்காரர் பத்தாவது பாஸ். கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நான் எழுதியதை ஒவ்வொன்றாகக் கேட்டார். நாடு முழுக்க ஒரே மாதிரித் தாள். முதலில் ஒரு மார்க் கேள்விகள், போகப் போகப் பெரிய கணக்குகள். சில இடங்களில் இரண்டு கணக்குக் கொடுத்து நடுவில் ‘அல்லது’ என்று போட்டிருக்கும், ஒன்றைச் செய்தால் போதும். நான் எல்லா இடத்திலும் இரண்டையும் செய்திருந்தேன். கடைசிப் பெரிய கணக்குகளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

“அல்லதுன்னு போட்டிருக்குதே அம்மணி, பாக்கலியா?”

“பாத்தேனுங்க. தெரிஞ்ச கணக்க எப்படிங்க உட்டுப்போட்டு வாரது?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தேன்.

சிரிப்பாராம் சிரிப்பு! வால்பாறை எஸ்டேட்டில் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா கொழுந்து பறிக்கப் போக வேண்டும், கைக்குழந்தைத் தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம். ஆனால் என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை வேண்டாமென்று தள்ள மனசு வருமா?

இதை அவரிடம் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து பட்டறை விட்டு வந்ததும் பழைய கேள்வித்தாளோடு பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். நான் ஒரு கணக்கைத் தொட்டதும் அடுத்ததை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் வாசம் போகாத கை.

“கைய எடுங்க, அதும் எனக்குத் தெரியும்!”

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் அம்மணி. அவங்களுக்கு ஒண்ணு போதும்.”

அடுத்த பரீட்சையில் ஒரு பெரிய கேள்வி. தொடுகோடு, அல்லது வடிவொத்த முக்கோணம். இரண்டுமே எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொடுகோட்டை எழுதி முடித்தேன். முக்கோணத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அறையில் காவலுக்கு இருந்த டீச்சர் ஓடி வந்தார்.

“என்னாச்சுங்க? தெரியாட்டிப் பரவால்லீங்க, அடுத்ததப் பாருங்க.”

“இல்லீங்க, ரெண்டுமே தெரியுங்க” என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தோளைத் தட்டிவிட்டுப் போனார். கடைசிக் கணக்கு வரைக்கும் எழுதினேன்.

ரிசல்ட்டை டாக்டரம்மாவே செல்போனில் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் காது கிழியும்படி பட்டறை இரைச்சல்.

“ஏனுங்க, பாஸுங்க! கணக்குல பாஸ் ஆயிட்டேனுங்க!”

லேத் ஓடுவது நின்றது.

“ஏனுங்க, கேக்குதுங்களா?”

“கேட்டுச்சு அம்மணி” என்றார். “இன்னொருக்கா சொல்லு.”